ஓடாத ஜாகுவார்

"தெரு முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுங்க. அதுக்கு மேல போனா மீட்டர் ஏறிடும்," என்றார் ரோலண்ட்.

சிரித்தபடி ஜாகுவாரில் ஏறி உட்கார்ந்தார் க்ரெஸ்வெல். யார்க்‌ஷயர் பழைய கார் கிளப்பின் நடுவர் அவர். மிகக் குறைவாக ஓடி, மிக நன்றாக இருக்கும் காருக்கு கிளப் ஆண்டுதோறும் ஒரு வெள்ளிக் கோப்பை தருகிறது. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ரோலண்ட் அதற்காகத் தவம் கிடந்தார். வருஷா வருஷம் அது வேறு யார் வீட்டு அலமாரிக்காவது போய்விடும்.

கார் என்னவோ கண்ணைப் பறித்தது. அடர் பச்சை நிறம், நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை. அறுபதுகளில் செய்த வண்டி. மீட்டரில் இன்னும் ஏழாயிரம் மைல்கூட ஆகவில்லை. கண்காட்சிக்குக்கூட லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவார். அதன் மேல் மழைத்துளி பட்டால் இவருக்குக் காய்ச்சல் வரும். ஊரார் அதை அவருடைய மூத்த தாரம் என்பார்கள். இளைய தாரமான ஹில்டா டீத்தட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"ரிவர்ஸ் கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும், மெதுவா போடுங்க," என்று குரல் கொடுத்தவர், "இவர்தான் சொல்லுவாரு," என்று சேர்த்துக்கொண்டார்.

போன சுருக்கில் திரும்பி வந்த க்ரெஸ்வெல்லுக்கு இறங்க மனமே இல்லை. நின்றே கிடக்கும் வண்டி உள்ளுக்குள் இறுகிப்போய்க் கிழவன் மாதிரி இருமும். இவ்வளவு இளசாக ஓடும் ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்று மாய்ந்து மாய்ந்து பாராட்டினார். ரோலண்டின் காது சிவந்தது. எண்ணெய் மாற்றுவது, பேட்டரிக்கு உயிர் கொடுப்பது, சக்கரங்களை உருட்டி நிறுத்துவது என்று தன் பக்குவங்களை எல்லாம் ஒப்பித்தார்.

"உங்களை ஒரு தடவையாவது இதுல கூட்டிட்டுப் போயிருக்காரா?" என்று ஹில்டாவைக் கேட்டார் நடுவர்.

"நல்லா கேட்டீங்க. டீ போடுறதோட என் வேலை முடிஞ்சுது."

க்ரெஸ்வெல்லுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் தீர்ப்பில் அவருக்குச் சந்தேகமில்லை. கோப்பை ரோலண்டுக்குத்தான் என்றார். ஒரே ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. மீட்டர் காட்டுவது உண்மை என்று சொந்தக்காரர் நடுவரின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அந்த கிளப்பில் வாய் வார்த்தைக்குத்தான் மதிப்பு.

நீட்டிய கையை ரோலண்ட் பார்த்தார். ஹில்டாவைப் பார்த்தார். பிறகு தன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க. அந்தக் கணக்கு தப்பு. மீட்டர் ஏறாம நானே நிறைய ஓட்டியிருக்கேன்."

க்ரெஸ்வெல்லின் முகம் சுண்டிப்போனது. இனி இந்த வண்டி எந்தப் போட்டிக்கும் வர முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, டீயைத் தொடாமலே கிளம்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஹில்டா பிடித்துக்கொண்டார்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நீயாவது, ஓட்டுறதாவது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதை ரோட்டுல இறக்கியிருப்பியா? கைக்கு வந்த கோப்பையை இப்படிப் பொய் சொல்லித் தள்ளிவிட்டியே."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கோப்பைக்காக ரோலண்ட் எத்தனை ஏங்கினார் என்பது அவருக்குத் தெரியாதா? ரோலண்ட் போர்வையை எடுத்து வண்டியின் மேல் விரித்தார். ஓரங்களைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்.

"நான் ஓட்டினேன்னு சொன்னது மட்டும்தான் கண்ணு பொய்," என்றார். "வர்ற வியாழக்கிழமை நான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினதும், நீ வழக்கம்போல விட்பி கடற்கரைக்கு இதை எடுத்துட்டுப் போவியே, அப்ப அந்த மீட்டர் கம்பியைக் கழட்டாதே. அதுவும் ஓடட்டும்."