ஒரு மூலை மட்டும்

வண்ணக் கியூபை டாக்டரம்மாவின் மேசைமேல் ‘டங்’கென்று வைத்தாள் கிரேன்காரி.

வைத்த வேகத்தில் பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் குனிந்து எடுத்து வைத்து, டாக்டரம்மாவைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். இவள் கோபப்பட்டால் மன்னிப்புக் கேட்பது எப்போதும் அவர்தான்.

தொழிற்சாலையில் அவளுக்குக் கிரேன்காரி என்றுதான் பெயர். கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேனின் கூண்டில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள். இருபது டன் இரும்பைத் தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல இறக்குவாள்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு லாரி இடித்துத் தள்ளியதில் தலையில் அடி. இடது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின.

விரலுக்கும் ஆச்சு, மூளைக்கும் ஆச்சு என்று பிசியோ டாக்டரம்மா கொடுத்ததுதான் இந்தக் கியூப். எப்படிச் சேர்ப்பது என்று படம் போட்ட தாள் ஒன்றும் கூடவே கொடுத்திருந்தார்.

ஆறு வாரத்தில் விரல்கள் வழிக்கு வந்துவிட்டன. கியூப் வரவில்லை.

எல்லா நிறமும் சேரும். கடைசியில் ஒரே ஒரு மூலை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மறுபடியும் ஒரு மூலை.

நூறு தடவைக்கு மேல் இருக்கும். ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தலை போய்விட்டது, இனிமேல் கூண்டில் ஏற முடியாது என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

வீட்டிலேயே இருந்துவிடு, ராணி மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்றார் கணவர்.

டாக்டரம்மா எழுதப்போகும் ஒரு வரியை வைத்துத்தான் தொழிற்சாலை முடிவெடுக்கும். வீட்டில் எப்படி என்று அவர் வாராவாரம் கேட்கும்போது, இவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் பதில் சொல்லிவிடுவார். பாவம் டாக்டர், அந்தக் கடைசி மூலை இன்னும் பிடிபடவில்லை என்பார்.

நேற்று மதியம் கியூப் கைதவறித் தரையில் விழுந்தது. ஓரத்துத் துண்டு ஒன்று தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது.

எடுத்துப் பொருத்தப் போனவள் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது வீட்டுச் சாவியை விட்டு நெம்பி, டாக்டரம்மாவின் கண்ணெதிரே ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் போட்டாள்.

உள்ளே ஒரு மாயமும் இல்லை. நடுவில் ஆறு கை முளைத்த ஓர் அச்சு. ஒவ்வொரு கை நுனியிலும் திருகாணியும் ஸ்பிரிங்கும் போட்டு மாட்டிய ஒரு நடுத்துண்டு. அந்த ஆறும் நின்ற இடத்திலேயே சுற்றும், இடம் மாறவே மாறாது. ஓரத்துண்டுக்கு ஒரு குட்டிக் கால். அது நடுத்துண்டுகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மூலைத்துண்டின் கால் ஓரத்துண்டுகளுக்கு அடியில். பசை கிடையாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நான்கு மூலைகள் சேர்ந்துதான் நகரும். ஒன்று கோணிக்கொண்டு நின்றால், அதற்கு ஈடாக வேறொன்றும் கோணித்தான் ஆக வேண்டும். ஒன்று மட்டும் தனியாகத் திரும்பி நிற்க வழியே இல்லை. ஆயுசு முழுக்கத் திருகினாலும் வராது.

யாராவது அதைக் கழற்றி, மாற்றிச் செருகினால் தவிர.

“கோணலா மாட்டின சாமானைக் கொடுத்துட்டு, எனக்கு மூளை சரியில்லன்னு எழுதப் பார்த்தீங்களா?”

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. சிதறிக் கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கொடுக்கும்போது சரியாத்தான்மா இருந்துச்சு. உங்க முன்னாடியே முழுசாச் சேர்த்துக் காட்டி, அப்புறம்தானே கலைச்சுக் கொடுத்தேன்?”

ஆமாம். காட்டினார். இவள் கைதட்டக்கூடச் செய்தாள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

கிரேன்காரி மெல்லத் திரும்பினாள். கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

“பயமா இருந்துச்சு,” என்றார் தரையைப் பார்த்தபடி. “மறுபடி அவ்ளோ உசரத்துல ஏறி, தலைகிலை சுத்திட்டா... அதான்.”

டாக்டரம்மாவின் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்பதுபோல அவரைப் பார்த்தார். பாசத்தில் செய்தது, விட்டுவிடுங்கள் என்று இவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

கிரேன்காரி அச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்த ஆரம்பித்தாள், இடது கையாலேயே. மூலைகளும் ஓரங்களும், அடுக்கடுக்காக. அவசரமே இல்லை.

கடைசி மூலையைச் சரியான பக்கம் பார்க்க வைத்து, அதன்மேல் கடைசி ஓரத்துண்டை அழுத்தினாள். உட்கார்ந்தது.

“திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்னு எழுதுங்கம்மா,” என்றாள். “இந்த நாலு மாசமா என் சீட்ல உட்கார்ந்து கிரேன் ஓட்டறது இவர்தான். நான் வரலைன்னா, அன்னிக்கே அது இவருக்கு நிரந்தரமாயிடும்.”