கீதாஞ்சலியின் புகார்

நான்கு மணிக்குள் அறிக்கையை முடித்து மேனேஜருக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் எந்த வேர்டு ஃபைலைத் திறந்தாலும் நோட்பேடில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கீதாஞ்சலி, பதறிப்போய் கம்பெனி ஹெல்ப் டெஸ்க்கை அழைத்தாள்.

“சொல்லுங்க மேடம்” என்றது ஓர் ஆண் குரல்.

“ஒரு மாச வேலை சார். எல்லாம் அழிஞ்சுடுச்சு!”

“ஒண்ணும் அழியல. ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. ‘ஓப்பன் வித்’ல வேர்டு செலக்ட் பண்ணி, ‘ஆல்வேஸ்’ குடுங்க.”

அறிக்கை முழுசாகத் திறந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

“தேங்க்ஸ் சார்.”

“தப்பா நோட்பேடுக்கு ‘ஆல்வேஸ்’ குடுத்திருக்கீங்க, அவ்ளோதான். வேற ஏதாவது கம்ப்ளெய்ன்ட் இருக்கா மேடம்?”

“இருக்கு. பௌர்ணமி கிரிவலத்துல, கால் வலிக்குதுனு நான் அடி அண்ணாமலையில உக்காந்தேன். ஒருத்தர் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டாரு. நாலு நாளா பேசவும் இல்ல.”

பக்கத்து அறைக் கதவு திறந்தது. தலையில் ஹெட்போனோடு நின்றான், அவள் கணவன் முருகவேல்.

“உனக்கு சுக்கு காபி வாங்கத்தான் போனேன். வந்து பாத்தா நீ வீட்டுக்குக் கிளம்பிட்ட.”

“இதை நாலு நாளா சொல்றதுக்கு என்னவாம்?”

“கம்ப்ளெய்ன்ட் வந்தாத்தானே மேடம் நாங்க பதில் சொல்ல முடியும்?”