பக்கத்தில் இருந்தவர்

"வைதேஹி அக்கா வாயைத் திறந்தாலே பொய்தான்," என்றாள் இந்துஜா.

பூங்கோதை விற்பனைக்கு அரைத்த இட்லி மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

டெல்லி முனிர்காவில் அந்த மாடியில் தமிழ் வீடுகள் மூன்றுதான். தனியாக இருந்து மாவு விற்கும் பூங்கோதை, எதிர்வீட்டு வைதேஹி தம்பதி, அப்புறம் குர்கான் வேலைக்காகப் புதிதாக வந்த இந்துஜா. சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் இந்துஜாவுக்குப் பேச ஆள் கிடையாது. அதனால் வைதேஹி கூப்பிட்டால் உடனே போய்விடுவாள்.

போன வாரம் வைதேஹியின் கணவர் விஸ்வநாதன் டூர் முடிந்து வந்திருந்தார். வைதேஹியின் முகமே வேறாக இருந்தது.

"போன வருஷம் எனக்கு டெங்கு வந்துது. இவர் பக்கத்தை விட்டு நகரலையே! நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டு, விடிய விடியக் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்."

விஸ்வநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இந்துஜாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இன்று போனபோது அவர் மறுபடி டூர் கிளம்பிவிட்டிருந்தார். வைதேஹி லைட்டுகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"டெங்கு வந்து கிடந்தேன் இந்துஜா. ஒரு வாய் தண்ணி கொடுக்க நாதியில்லை. செத்திருந்தாகூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"சார் கூடவே இருந்தார்னு சொன்னீங்களே அக்கா?"

"நானா? அவர் எங்க இருந்தார்? நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்த அழுகைதான் இந்துஜாவுக்குத் தாங்கவில்லை.

"எது நிஜம்னு நேராவே கேட்டுடப்போறேன்," என்றாள் இப்போது.

"கேக்காத பாப்பா," என்றாள் பூங்கோதை. "அவ பொய் சொல்லலை. அவர் வீட்டுல இருந்தா அவளுக்கு அது ஞாபகம் வரும். கிளம்பிப் போயிட்டா இது ஞாபகம் வரும். ரெண்டையும் மனசாரத்தான் நம்புறா."

"ஏதாவது ஒண்ணுதானேக்கா நடந்திருக்கும்? அவர் இருந்தாரா, இல்லையா?"

"இல்ல. வெள்ளத்துல ரயில் நின்னுபோயி அசாம்ல மாட்டிக்கிட்டார். போய்ப் பாரு தங்கச்சின்னு எனக்குப் போன் போட்டு அழுதார் மனுஷன்."

"அப்போ அவங்க தனியாத்தான் கிடந்தாங்களா?"

"நான் இருந்தேனே."

இந்துஜா அவளையே பார்த்தாள். "அப்புறம் ஏன்க்கா இதை அவங்ககிட்ட சொல்லலை?"

பூங்கோதை பாக்கெட்டின் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள்.

"எப்படிச் சொல்றது பாப்பா? ஜுரத்துல கண்ணைத் திறக்காமலே, 'என்னங்க, இருக்கீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒவ்வொரு தடவையும் கையைப் பிடிச்சுக்கிட்டு 'ம்'னு சொன்னது நான்தான்."