பூஜ்யம் காட்டிய பேட்ஜ்

பலவேசத்தின் ரத்தத்தை ஜெசிந்தா ஆய்வகத்தில் மூன்று நாளாக நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு செல்களில் ஏழில், அதிகக் கதிர்வீச்சு பட்டால் ஆவதுபோல், குரோமோசோம்கள் உடைந்து, தப்பான துண்டுகளோடு ஒட்டிக் கிடந்தன. ஆயிரத்தில் ஒன்று அப்படி இருப்பதுதான் இயல்பு. ஆனால் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுக்கும் அவருடைய வேலையில், உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க சட்டையில் மாட்டக் கொடுத்த பேட்ஜ், ஒரு வருடமாகப் பூஜ்யமே காட்டியிருந்தது. அவரை வரவழைத்து, பேட்ஜை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறாரா என்று கேட்டாள்.

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூடுதலா காட்டுனா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க மேடம். அதான் வீட்லயே வச்சிட்டுப் போயிருவேன். பாப்பா அத எடுத்து மாட்டிக்கிட்டு, ஆபீஸ் போற மாதிரி வெளயாடுவா." சட்டென்று நிமிர்ந்தார். "அதுல இருந்து பிள்ளைக்கு எதுவும் ஒட்டியிருக்குமோ?"

"இல்லண்ணே. அது வெறுமனே அளக்குற அட்டைதான். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டு, சிரிக்கக்கூடச் செய்தார்.

"அப்ப நான் கெளம்புதேன் மேடம். டூட்டிக்கு நேரமாச்சு."

கும்பிட்டுவிட்டு வாசல்வரை போய்விட்டார். ஜெசிந்தா அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்தாள்.

"அண்ணே," என்றாள். "கொஞ்சம் வந்து உக்காருங்க."