முன்னால போக வேண்டிய வண்டி

உங்கள்ல பாதிப் பேருக்கு கார்புரேட்டர்னா என்னன்னே தெரியாது. தெரிஞ்ச மாதிரி தலைய மட்டும் நல்லா ஆட்டுவீங்க. ஆட்டுங்க, பரவால்ல. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டி விடுற டப்பா அது. அது ஒழுங்கா ஊட்டலைன்னா வண்டி நடுரோட்டு எருமை மாதிரி நிக்கும்.

அந்த ஞாயித்துக்கிழமை, ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஒரு பப் வாசல்ல, வில்ஃபோட வண்டி அப்படித்தான் நின்னுச்சு.

பழைய பைக் க்ளப்புல ஒரு வழக்கம். மெம்பர் யாராவது செத்துட்டா, அவர் வண்டி ஒரு தடவை க்ளப் ஊர்வலத்துக்கு முன்னால போகணும். தள்ளி விட்டு ஸ்டார்ட் பண்ணக் கூடாது. வீட்டு ஆளுங்க உதைச்சுதான் கிளப்பணும். கிளம்பலைன்னா வேன்ல ஏத்திக்கிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வில்ஃப் தன் வண்டிய அக்குவேறா கழட்டிப் போட்டுட்டு, மாட்டாமலே போய்ச் சேர்ந்துட்டாரு. மாட்டினது அவர் மக லோர்னா. லீவு நாளெல்லாம் ஷெட்லயே கிடந்தா. கார்புரேட்டர மட்டும் மெக்கானிக் க்ளைவ் கிட்ட குடுத்து சரி பண்ணினா.

அவ அம்மா டோரீன், புருஷன் செத்ததுலேருந்து வாசப்படி தாண்டல. அன்னிக்குத்தான் வந்து, மடக்கு நாற்காலியில உக்காந்திருந்தாங்க.

"அவரு வண்டிச் சத்தத்த ஒரு தடவ கேட்டாப் போதும்டி" - இதுதான் அவங்க சொன்னது.

லோர்னா உதைச்சா. ஒண்ணும் இல்ல.

மறுபடி உதைச்சா. 'புஸ்'ஸுன்னுச்சு. அவ்ளோதான்.

"நேத்து க்ளைவ் கடையில ஒரே உதையில கிளம்புச்சே!" அவ குனிஞ்சு இன்ஜினப் பாத்தா.

பேக்கன் ரொட்டிய மென்னுக்கிட்டே ஒருத்தன் சொன்னான், "பொண்ணு மாட்டின வண்டில்ல? மூடு வந்தாத்தான் கிளம்பும்."

பார்னிக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. பார்னி வில்ஃபோட சேக்காளி. வாய் கொஞ்சம் நீளம்.

"வாய்ல ரொட்டி இருக்குல்ல? அத மட்டும் மெல்லு! உன் வண்டிக்குக் காத்தடிக்கவே நாலு பேரக் கூப்பிடுற ஆளு நீ!"

லோர்னா ப்ளக்கக் கழட்டிப் பாத்தா. பொறி பளிச்சுன்னு வருது. ப்ளக்கும் நனைஞ்சிருக்கு, அப்போ பெட்ரோலும் வருது.

"அப்புறம் என்ன, கார்புரேட்டர்தான்" கூட்டமே தீர்ப்பு சொல்லிடுச்சு.

எல்லார் கண்ணும் க்ளைவ் மேல திரும்புச்சு. பார்னி விடுவானா?

"வாய்யா டாக்டரு! அப்பன் இல்லாத புள்ளன்னா அரைகுறையா பண்ணிக் குடுப்பியா? பெட்ரோல் பீச்சுற பழைய ஜெட்டத் தொடைச்சுட்டு புதுசுன்னு மாட்டினியா?"

க்ளைவ் பக்கத்துல வந்தாரு. மண்டி போட்டு கார்புரேட்டரோட அடிக் கிண்ணத்தக் கழட்டினாரு. விரல விட்டு மோந்து பாத்தாரு. அப்புறம் நிமிந்து டோரீன் இருந்த பக்கம் ஒரு பார்வ பாத்தாரு.

"தப்பு என்மேலதான்"னாரு. "ஜெட்டு அளவ மாத்திப் போட்டுட்டேன். டேங்க்கயும் சேத்து அலசிடுறேன். மன்னிச்சுக்க லோர்னா."

"கேட்டீங்களாப்பா? அவரே ஒத்துக்கிட்டாரு!" பார்னி குதிச்சான். "தூ! ஒரு பொம்பள வருஷக்கணக்கா அழுதுட்டு இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கா, அவ முன்னாலயா இந்தக் கூத்து? இனிமே எவனாச்சும் இந்த ஆளு கையில ஒரு ஸ்க்ரூவாவது குடுப்பீங்களா?"

"நான் குடுக்க மாட்டேன்"னான் ரொட்டிக்காரன். "என் கார்புரேட்டரும் உன் கடையிலதான் கிடக்கு க்ளைவ். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

"என்னோடதயும்" இன்னொருத்தன்.

"சரிப்பா" க்ளைவ் அவ்ளோதான் சொன்னாரு. வண்டிய வேனுக்குப் பின்னால உருட்டிக்கிட்டுப் போனாரு.

கொஞ்ச நேரத்துல கொண்டாந்து நிறுத்தினாரு. "இப்ப உதை கண்ணு."

உதைச்சா.

டப்... டப்... டபடபடபன்னு அந்த இடமே அதிர்ந்துச்சு. டோரீன் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டாங்க. லோர்னா முன்னால போனா. அவ்ளோ வண்டிகளும் அவ பின்னால.

பார்னி மட்டும் கிளம்பல. அவனுக்கு இன்னும் நாலு வார்த்த பாக்கி இருந்துச்சு.

"ஏன்யா, இவ்ளோ வருஷத் தொழிலு. ஜெட்டு கூடவா மாத்திப் போடுவ?"

"மாத்தல்லாம் போடலடா. சரியான ஜெட்டுதான்."

"அப்புறம் என்னத்துக்குய்யா ஒத்துக்கிட்ட?"

க்ளைவ் கையத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு, "டேங்க்ல இருந்தது பழசாகி வீரியம் செத்துப்போன பெட்ரோலு, பத்திக்காது. வார்னிஷ் நாத்தம் அடிச்சுது. வருஷக்கணக்கா கேன்ல கிடந்திருக்கும். அந்தக் காலி கேன் டோரீன் நாற்காலிக்குப் பின்னாலதான் கிடந்துச்சு. வில்ஃப் பேரு எழுதின கேன்."

பார்னி நாற்காலி இருந்த பக்கம் திரும்பிப் பாத்தான்.

"புருஷன் கடைசியா வாங்கி வச்ச பெட்ரோலுன்னு ஆசையா ஊத்தியிருக்கு, பாவம். அத்தன பேர் முன்னால 'உன்னாலதான்மா வண்டி கிளம்பல'ன்னு அதுகிட்ட எப்படிடா சொல்றது? என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது."

பார்னிக்கு அவ்ளோ நீள வாயும் ஒட்டிக்கிச்சு.

"டோரீன் ஊத்தல, க்ளைவ்."

"பின்ன?"

"வில்ஃப் ஷெட்லேருந்து அந்தக் கேன எடுத்து, அவன் ஞாபகமா பத்திரமா வச்சிருந்தேன். காலையில டேங்க் காலியா இருந்துச்சு... நான்தான்யா ஊத்தினேன்."