ஏழாம் நம்பரைக் காணோம்

“எஞ்சின்தான் மக்கர் பண்ணியிருக்கும்” என்றார் பிள்ளையைப் பெற்றவர், விமானத்தின் ஜன்னலில் மூக்கை ஒட்டிக் கீழே பார்த்துக்கொண்டே.

“எஞ்சின் என்ன சம்பந்தி பண்ணும்? ஓட்டுறவர் ஒழுங்கா ஓட்டினா அது பாட்டுக்கு ஓடும்” என்றார் பெண்ணைப் பெற்றவர், பிடித்த பிடியை விடாமல்.

இருவருமே ஓய்வுபெற்ற விமானிகள். ஒரு காலத்தில் பெரிய பெரிய விமானங்களில் கடல் தாண்டியவர்கள். இப்போது ஞாயிறு தவறாமல் கிளப்பின் குட்டி விமானம் ஒன்றில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு இறங்குவார்கள். சம்பந்திகள் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தால் சண்டை வராமல் என்ன செய்யும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று. கேட்டால்தானே!

இன்றும் அப்படிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் ரேடியோவில் கிளப் பெண் பதறினாள். ஏழாம் நம்பர் விமானத்தைக் காணோம். காலையில் பறப்பதற்கு அதைக் கேட்டு வைத்திருந்தவர் மாப்பிள்ளை. நிறுத்துகிற இடம் காலி. ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

“ஒன்பதாம் நம்பர், நீங்க ரெண்டு பேர்தான் சார் மேல இருக்கீங்க. கொஞ்சம் தேடிப் பாருங்களேன்.”

பெண்ணைப் பெற்றவர் நேற்றுத்தான், அதுவும் மகள் எதிரிலேயே, ‘காரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவங்க எல்லாம் விமானம் ஓட்டக் கிளம்பிட்டாங்க’ என்று சொல்லித் தொலைத்திருந்தார். மாப்பிள்ளையோ சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க இவருக்கு நெஞ்சை அடைத்தது.

நெஞ்சை அடைத்தால் வாயும் அடைக்குமா என்ன? விமானிகளுக்கு ஒரு வியாதி உண்டு. எங்காவது ஒரு விமானம் காணாமல் போனால் உடனே காரணம் சொல்லியாக வேண்டும். ஓட்டினவன் செய்த தப்பு ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும், அந்தத் தப்பை நாம் செய்யமாட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

“பெட்ரோல் இருக்கான்னு பார்க்காம கிளம்பியிருப்பார்.”

“என் பிள்ளை பார்ப்பான். நான் வளர்த்த பிள்ளை.”

“அதான் பயமா இருக்கு.”

“உங்க பொண்ணு ராத்திரி சண்டை போட்டிருப்பா. தூக்கமில்லாம வந்திருப்பான்.”

“என் பொண்ணு வாயைத் திறந்தா முத்து உதிரும், தெரியும்ல?”

“தெரியுமே. குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கித்தானே என் பிள்ளைக்கு முதுகு வலி!”

பிறகு மேகம் என்றார்கள். பறவை மோதியிருக்கும் என்றார்கள். வழி தவறியிருக்கும், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருப்பான் என்றார்கள். கிளம்புவதற்கு முன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்க்கிற வழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே இருக்கிறது என்று அலுத்துக்கொண்டபோது மட்டும் இருவருக்கும் ஒரே கருத்தாக இருந்தது.

கீழே வயல், குட்டை, செங்கல் சூளை. திடீரென்று பிள்ளையைப் பெற்றவர் “அதோ, அதோ!” என்று அலறினார். தாழப் பறந்து பார்த்தால், யாரோ காயப்போட்ட வெள்ளைப் போர்வை.

அவர் அப்படியே சாய்ந்துவிட்டார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு, சம்பந்தி.”

பெண்ணைப் பெற்றவருக்கும் அதற்குமேல் தாங்கவில்லை. “தங்கமான பிள்ளை. நான்தான் ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்ல. நல்லபடியா கிடைக்கட்டும், கால்ல வேணா விழுறேன்” என்று தேம்பினார்.

ரேடியோ கரகரத்தது. “அப்பா! மாமா! கேக்குதா?”

மாப்பிள்ளையேதான்! இரண்டு பெரியவர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. நல்லவேளை, ஒருவருக்காவது ஓட்டுகிற ஞாபகம் வந்தது.

“எங்கடா இருக்கே?” என்றார் பிள்ளையைப் பெற்றவர்.

“கிளப்லதான்பா. காலைல வந்தப்போ ஏழாம் நம்பர் இங்க இல்ல. சரி, யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, வரட்டும்னு கார்லயே தூங்கிட்டேன். போன் சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தேன்.”

பெண்ணைப் பெற்றவர் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப ஏழாம் நம்பரை எடுத்துட்டுப் போன அந்த அறிவுகெட்ட ஆளு யாரு?”

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கி இருமுவது கேட்டது.

“மாமா, ஒன்பதாம் நம்பர் இங்க கொட்டகைக்குள்ளதான் நிக்குது. டயரைக் கழட்டிப் போட்டிருக்காங்க” என்றார் மாப்பிள்ளை. குரலில் அப்படி ஒரு மரியாதை. “உங்களுக்கு முன்னாடி, அந்த மீட்டருக்கு மேல, என்ன நம்பர் எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்க்கிறீங்களா?”

பார்த்தார்கள்.

வாரா வாரம் ஒன்பதில் பறந்து பழகியவர்கள், கண்ணில் பட்ட விமானத்தில் ஏறி, வாயில் வந்த நம்பரைச் சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். ‘ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர்’ என்று அந்தப் பெண் தொண்டை வறளக் கூப்பிட்டபோதெல்லாம், ‘பதில் சொல்லேன்டா ராசா’ என்று இருவரும் உருகியதுதான் மிச்சம்.

பிள்ளையைப் பெற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பெண்ணைப் பெற்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரேடியோ பொத்தானை அழுத்தினார்.

“ஏழாம் நம்பரைக் கண்டுபிடிச்சாச்சு. உள்ள ரெண்டு பேர். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. கீழ இறங்கத்தான் வெட்கமா இருக்காம்.”