பூவுக்கு மருந்து

“இனிமே பூவுக்கு அந்த மருந்தை அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு உள்ள வாங்க. இல்லாட்டி அப்படியே திரும்பிப் போயிடுங்க.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே மனைவி சொன்னாள். பூப்பண்ணைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, இப்பப் போயா? ரோஜா எல்லாம் மொட்டு விட்டிருக்கு. சாம்பல் நோய் விழுந்தா ஒண்ணு தேறாது.”

“தேற வேண்டாம்.”

“நாம ரெண்டு பேரும் சேந்து உண்டாக்கின பண்ணைம்மா.”

“அந்த மருந்து வாடையே எனக்கு ஆகலை. நான் வேணுமா, பூ வேணுமா?”

மேற்கொண்டு பேச விடாமல் இருமல் வந்துவிட்டது. சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குகிற மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது? உடம்பு சரியில்லை என்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா?

வெளியே வந்ததும் அவரிடமே சொல்லிவிட்டாள்.

“வேற யாராவதா இருந்தா எப்பவோ கை கழுவியிருப்பாங்க சார்.”

“முடியாதவ. என்கிட்டக் காட்டாம வேற யார்கிட்டக் காட்டுவா?” என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்ததும் எழுந்து ஓடினார்.

“நீங்க சொன்னாக் கேப்பா டாக்டர். சொன்ன அளவுக்கு மேல ஒரு மூடி சேத்தே அடிப்பேன், என் பூவுல ஒரு புள்ளி பாக்க முடியாது. அதைப் போய் விடச் சொல்றா. என் மேல என்னமோ கோபம். என்ன தப்பு பண்ணேன்னு தெரிஞ்சாத் திருத்திக்குவேன்.”

டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

“நேத்து நான் சொன்னதை அவர்கிட்ட சொல்லலையாம்மா?”

“இல்லை. நீங்களும் சொல்லாதீங்க.”

நேற்று டாக்டர் சொன்னது இதுதான். என்றோ வந்து போன காசநோய் புண்ணாக்கிவிட்ட நுரையீரலில் இப்போது பூஞ்சை குடியேறியிருந்தது. எந்த மாத்திரைக்கும் அது மசியவில்லை. லேபில் வளர்த்துப் பார்த்து, நரம்பில் ஏற்றும் மருந்துக்கு மாறினார்கள். பூஞ்சை அடங்குவதற்குள் கிட்னி படுத்துவிட்டது. பூவில் விழுகிற சாம்பல் நோயும் ஒரு பூஞ்சைதான்; அதற்கு அடிக்கிற மருந்தும் அவள் விழுங்கிய மாத்திரையும் ஒரே இனம். அந்த மருந்து விழுந்த மண்ணிலும் மக்கிய குப்பையிலும் பிழைத்துப் பழகிய பூஞ்சையை மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது.

“உங்க பண்ணையிலேருந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. காத்துல எங்கேருந்து வேணா வந்திருக்கலாம்.”

“வந்திருக்கலாம்கிறதே அவருக்குப் போதும் டாக்டர். தாங்க மாட்டார்.”

“சரி. அந்த மருந்தை விடச் சொல்றதும் நல்லதுதான். அதைக் கொஞ்சம் பக்குவமாச் சொல்லலாமே.”

“பக்குவமாச் சொன்னா ஏன்னு கேப்பார். சண்டை போட்டா, சாகப் போறவ கிறுக்குத்தனம்னு நினைச்சுக்கிட்டு செஞ்சிடுவார். அவரும் பண்ணையில வேலை செய்யறவங்களும் அதே காத்தைத்தானே இழுக்கறாங்க.”

டாக்டர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“வெளிய உக்காந்து அழறார்ம்மா.”

“அழட்டும். நான் போனப்புறமும் அழுவார். பொண்டாட்டி போயிட்டாளேன்னு அழட்டும் டாக்டர். நானே கொன்னுட்டேனேன்னு அழக் கூடாது.”